எதை எடுத்துச் செல்வோம்?

பயணச் சீட்டு வாங்கியாயிற்று, நாளும் குறித்தாயிற்று. அதன்பின் புறப்படும் நாள்வரை வீட்டில் ஓயாது எழும் கேள்வி ஒன்றே: எதை எடுத்துச் செல்வது? எளிய கேள்விபோலத் தோன்றும் இதனைச் சற்றே ஊன்றி நோக்கினால், மனிதன் எதை நம்பி வாழ்கிறான், எதற்கு அஞ்சுகிறான், யாரைச் சார்ந்து நிற்க மறுக்கிறான் என்பவையெல்லாம் அதனுள் அடங்கியிருப்பதைக் காணலாம். பெட்டியில் வைக்கப்படும் ஒவ்வொரு பொருளும் நம்மைப் பற்றியும் பிறரைப் பற்றியும் நாம் எடுத்த ஒரு முடிவாகும். ஆகவே, அறநெறி ஆராயத் தகாத அற்பச் செய்தி என்று இதனை ஒதுக்கிவிட இயலாது.

பொதுப்படப் பேசுவதினும் ஓர் ஊரை முன்நிறுத்திப் பேசுவது தெளிவு தரும். சிசிலித் தீவுக்குத் தெற்கே சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில், மத்தியதரைக் கடலின் நடுவே, மால்தா என்னும் சிறு தீவு நாடு உள்ளது. அதன் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 316 சதுர கிலோமீட்டர்தான். முதன்மைத் தீவின் வடபகுதியில் உள்ள கடலோர ஊர் ஒன்றுக்கு அந்நாட்டு மொழியில் 'சான் பவுல் இல்-பஹர்' என்று பெயர். 'கடலோரப் புனித பவுல்' என்று பொருள் கொள்ளலாம். முன்பு மீனவர் ஊராக இருந்த அது இன்று விடுதிகள் நிறைந்த கோடைக்கால ஊர். திருப்பயணிகளும் உல்லாசப் பயணிகளும் அங்குச் செல்கின்றனர். நம் நாட்டிலிருந்து வேலை தேடி மால்தா செல்வோரும் அண்மை ஆண்டுகளில் பெருகியுள்ளனர். உரோமைக்குக் கைதியாகக் கொண்டுசெல்லப்பட்ட திருத்தூதர் பவுல், கப்பல் உடைந்து கரையேறிய இடம் அவ்விரிகுடாவே என்பது தீவினரின் நெடுநாளைய மரபு. நனைந்த உடையன்றி வேறேதும் இல்லாமல் அவர் ஏறிய கரைக்கு நாம் பெட்டி கட்டிக்கொண்டு போகிறோம். நம் கேள்வியை ஆராய இதைவிடப் பொருத்தமான ஊர் அமைவது அரிது.

ஊர் கேட்பவை

முதலில் உடலுக்கு வேண்டியவற்றைப் பார்ப்போம். ஆன்மாவைப் பற்றிப் பேச வந்தவர் உடலின் தேவையை இகழ்ந்து பேசுவது கிறித்தவ மரபன்று.

கோடையில், குறிப்பாக ஜூன், ஜூலை மாதங்களில், மால்தாவில் மழை இல்லை என்றே சொல்லலாம், வெயில் கடுமையானது. மெல்லிய பருத்தி ஆடைகள், அகன்ற விளிம்புடைய தொப்பி, வெயில் காப்புக் களிம்பு ஆகியவை வேண்டும். இலையுதிர் காலத்தின் நடுவிலிருந்து குளிர்காலம் முடியும்வரை மழையும் ஈரக் காற்றும் உண்டு. கல்லால் கட்டிய வீடுகளுக்குள் குளிர் எலும்பைத் தொடும். பவுலின் கப்பல் உடைந்தது நோன்பு நாள் கழிந்து, கடற்பயணத்துக்கு ஆகாத பருவம் தொடங்கிய பின்னர்தான். அந்த மழையையும் குளிரையும் லூக்கா மறவாமல் குறித்திருக்கிறார். பிப்ரவரி 10ஆம் நாள் தீவு முழுவதும் கொண்டாடப்படும் கப்பற்சேத விழாவுக்குச் செல்வோர் கம்பளிச் சட்டையையும் குடையையும் விட்டுச் செல்லலாகாது.

கரை பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை, மணற்கரைகள் சிலவே. பாறை இடுக்குகளில் முள்ளுடைய கடலுயிர்கள் ஒட்டியிருக்கும். எனவே நீரில் இறங்குவோர் ரப்பர் அடியுள்ள காலணி கொண்டுசெல்வது நலம். மின்னழுத்தம் நம் நாட்டைப் போன்றதே. ஆனால் இங்கிலாந்தில் உள்ளதுபோல் தட்டையான மூன்று முனைகள் கொண்ட பிளக் அங்குப் புழங்குவதால், நம் சார்ஜருக்கு ஓர் அடாப்டர் வேண்டும். மருந்துகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். குறுகிய காலம் தங்குவதற்கான ஷெங்கன் விசா பெற, குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீட்டைக் காட்டியாக வேண்டும். இந்தச் செய்தியைப் பின்னர் மீண்டும் எண்ணிப் பார்ப்போம்.

உணவுப் பொருள்களைப் பொறுத்தவரை நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியது ஒன்றுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் இறைச்சியோ பால் பொருள்களோ கொண்டுவரக் கூடாது. ஆகவே அம்மா உருக்கிக் கொடுத்த நெய்யும், ஆசையாய் வாங்கிய பால்கோவாவும் எல்லையில் நின்றுவிடும். பச்சைக் காய்கனிகளுக்கும் இலைகளுக்கும் தாவர நலச் சான்று வேண்டும்; கறிவேப்பிலையும் இதற்கு விலக்கன்று. தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை உள்ளிட்ட ஐந்து பழங்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு.

மால்தாவில் ஆறு இல்லை, ஏரி இல்லை. குடிநீரில் பெரும்பங்கு கடல்நீரிலிருந்து உப்பை நீக்கிப் பெறப்படுகிறது. ஆகவே அங்கே விருந்தினர் திறக்கும் ஒவ்வொரு குழாயும் பெரும் உழைப்பாலும் மின்செலவாலும் ஓடுகிறது. தண்ணீரை எண்ணிச் செலவிடும் பழக்கம் எடை இல்லாதது. அதையும் உடன் கொண்டுசெல்வோம்.

தலைநகர் வலெற்றாவிலுள்ள புனித யோவான் இணைப் பேராலயத்தைக் காணாமல் யாரும் திரும்புவதில்லை. திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படும் காட்சியை 1608இல் காரவாஜியோ தீட்டிய பேரோவியம் அங்குள்ளது. அப்பேராலயத்தின் தளம் ஏறத்தாழ 400 பளிங்குக் கல்லறைப் பலகைகளால் ஆனது. அவற்றின் கீழ்ப் புனித யோவான் சபையின் வீரர்கள் துயில்கின்றனர். ஆகவே ஹைஹீல்ஸ் எனப்படும் கூரிய குதிகால் காலணிகளோடு உள்ளே செல்ல அனுமதியில்லை. தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடையும் வேண்டும். இவ்விடத்தில் பயணப் பெட்டி அறநெறியை நேராகச் சந்திக்கிறது. நாம் எதை அணிந்து செல்கிறோம் என்பது நம் வசதியை மட்டும் பொறுத்ததன்று; இறந்தோர் நினைவையும், நமக்குப் பின் வந்து காணப்போகிறவர்களின் உரிமையையும் பொறுத்தது. நம் கால் படும் இடம் பிறருடையது.

தேவை, அச்சம், பெருமை

இவ்வாறு கணக்கிட்டால் தேவையானவை ஒரு சிறு பெட்டியில் அடங்கிவிடும். ஆயினும் நம் பெட்டிகள் சிறியவையாக இருப்பதில்லை. ஏன்?

பொருள்களைப் பெட்டிக்குள் சேர்ப்பவை மூன்று: தேவை, அச்சம், பெருமை. தேவைக்கு எல்லையுண்டு; ஐந்து நாள் பயணத்துக்கு எத்தனை சட்டை வேண்டும் என்று எண்ணிச் சொல்லிவிடலாம். அச்சத்துக்கு எல்லையில்லை; 'ஒருவேளை' என்ற ஒரு சொல்லைக் கொண்டு அது வீட்டையே பெட்டிக்குள் கொண்டுவரும். பெருமைக்கும் எல்லையில்லை, ஒரே பட்டுச் சேலையோடு இரு நிழற்படங்களில் நிற்க அது இசையாது. அச்சத்தால் எடுத்ததையும் பெருமையால் எடுத்ததையும் தேவை என்றே நாம் பெயரிட்டு அழைப்பதால், இம்மூன்றையும் பிரித்தறிவது கடினமாகிறது.

மத்தியதரைக் கடலின் மற்றொரு கரையில், ஹிப்போ நகரின் ஆயராக இருந்த புனித அகுஸ்தினார், 'கிறித்தவப் போதனை' என்னும் நூலில் பயன்படுத்துதல், துய்த்தல் என்னும் இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுகிறார். தாயகம் திரும்பும் பயணிக்கு வண்டியோ கப்பலோ தேவை. ஆனால் வழியின் இனிமையிலும் ஊர்தியின் சுகத்திலும் மயங்கிவிட்டால் அவன் ஊர் சேர்வதையே மறந்துவிடுவான் என்பது அவர் காட்டும் உவமை. பயணத்துக்காகப் பொருள் என்ற நிலை மாறிப் பொருளுக்காகப் பயணம் என்றாகிவிடுவதை இன்றும் காண்கிறோம். பெட்டி தொலைந்ததா, அறை பூட்டியிருக்கிறதா, கைப்பேசியில் மின்னேற்றம் உண்டா என்னும் கவலைகளோடு கடலின் முன் நிற்பவர் கடலைக் காண்பதில்லை.

இந்த வேறுபாட்டோடு கேள்வி முடிந்துவிடுமானால், 'குறைவாக எடுத்துச் செல்க' என்று அறிவுரை கூறி இக்கட்டுரையையும் முடித்துவிடலாம். ஆனால் திருத்தூதர் பணிகள் நூலின் 27, 28ஆம் அதிகாரங்கள் நம்மை அவ்வளவு எளிதில் விடுவதில்லை.

கடலில் எறிந்தவை

அலக்சாந்திரியாவிலிருந்து வந்த அக்கப்பலில் 276 பேர் இருந்தனர் என்று லூக்கா எண்ணிக்கை தருகிறார். அப்பகுதி முழுவதையும் அவர் 'நாங்கள்' என்றே எழுதிச் செல்வது கருதத் தக்கது. கைதி, காவலர், மாலுமி, வணிகர் என்ற பிரிவுகள் கரையில் இருந்தன. புயலில் எல்லாரும் ஒரே 'நாங்கள்' ஆகிவிட்டனர்.

புயல் முற்றிய மறுநாள் சரக்குகளைக் கடலில் எறியத் தொடங்கினர். மூன்றாம் நாள் கப்பலின் தளவாடங்களைத் தங்கள் கைகளாலேயே எறிந்தனர். பதினான்காம் இரவு கடந்து பொழுது விடியும் வேளையில், உண்ணாதிருந்த அனைவரையும் பவுல் உண்ணுமாறு வேண்டினார். அப்பத்தை எடுத்து, நன்றி கூறி, பிட்டு உண்டார். எல்லாரும் வயிறார உண்டபின் கோதுமையைக் கடலில் கொட்டிக் கப்பலின் பாரத்தைக் குறைத்தனர். எகிப்தின் கோதுமையை இத்தாலிக்குக் கொண்டுசேர்ப்பதே அத்தகைய கப்பல்களின் தொழில். அந்தக் கப்பல் எதற்காகப் புறப்பட்டதோ அதுவே கடைசியில் கடலுக்குப் போயிற்று. மனிதர் மட்டும் எஞ்சினர்.

அதிலும் அவர்கள் முதலில் உண்டார்கள், பிறகே எறிந்தார்கள் என்பதை விட்டுவிடலாகாது. பொருள் தீயது என்பதால் அவர்கள் எறியவில்லை. உயிர் காக்கும் அளவை உண்டனர். உயிரை அமிழ்த்தும் அளவைக் கைவிட்டனர். ஒரே கோதுமைதான் முதலில் கொடையாகவும் பின்னர்ச் சுமையாகவும் இருந்தது. அளவையும் வேளையையும் அறிந்து இவ்விரண்டையும் பிரித்துணர்வதையே நம் இறையியல் முன்மதி என்னும் தலையாய நற்பண்பாகப் போற்றுகிறது.

ஆயினும் அந்நிகழ்ச்சியில் நம் உள்ளத்தை மிகவும் அசைப்பது வேறொன்று. கப்பலில் ஒரு சிறு படகு இருந்தது. நங்கூரம் இறக்குவதுபோல் நடித்து, அப்படகில் ஏறி மாலுமிகள் தப்பியோட முயன்றனர். அவர்கள் கப்பலில் இராவிட்டால் மற்றவர்கள் பிழைக்க முடியாது என்று பவுல் எச்சரித்தார். உடனே படைவீரர் கயிற்றை அறுத்துப் படகை விழவிட்டனர். சரக்கு, தளவாடம், கோதுமை ஆகியவற்றை எறிந்தது பாரம் குறைய. படகை விட்டதற்குப் பாரம் காரணமன்று. சிலர் மட்டும் பிழைத்துப் பிறரைக் கைவிடுவதற்கு அது வழியாக இருந்தது.

இங்கே நம் கேள்விக்கு ஒரு புதிய அளவுகோல் கிடைக்கிறது. ஒரு பொருளை எடுத்துச் செல்லலாமா என்று ஆராயும்போது அதன் எடையை மட்டும் பார்ப்பது போதாது. இது என்னை உடன் பயணம் செய்பவரோடு பிணைக்கிறதா, அல்லது அவரிடமிருந்து நழுவிச் செல்ல எனக்கு உதவுகிறதா என்றும் கேட்க வேண்டும். ஒருவர் எடுத்துச் செல்லும் ஒரு சிறு மருந்துப் பெட்டி இருபது பேருக்கு உதவும். ஒருவர் காதில் நாள் முழுதும் மாட்டியிருக்கும் கருவி எடை குறைந்ததாயினும், பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் முதியவரிடமிருந்து தப்பும் படகாகலாம்.

இரு கட்டளைகள்

ஒன்றும் எடுக்காமலே செல்வதுதான் நிறைவான கிறித்தவப் பயணம் என்று சிலர் எண்ணக்கூடும். பன்னிருவரை அனுப்பியபோது கைத்தடி, பை, உணவு, பணம் எதுவும் வேண்டாம் என்று ஆண்டவர் கூறினார் அன்றோ? கூறினார். ஆனால் அதே லூக்கா நற்செய்தியின் 22ஆம் அதிகாரத்தில், பாடுகளின் முன்னிரவில், முன்பு கூறியதை நினைவூட்டிய பின், இப்பொழுதோ பணப்பை உள்ளவர் அதை எடுத்துக்கொள்ளட்டும் என்றும் அவரே கூறுகிறார். இரண்டும் ஒரே ஆண்டவரின் சொற்கள். வரவேற்கும் ஊர்களுக்குப் போகும் சீடர் ஒருவகை. பகை சூழும் காலத்துக்குள் நுழையும் சீடர் மற்றொருவகை. எடுத்துச் செல்லாமையை அவர் மாறாச் சட்டமாக்கவில்லை; வேளையை அறியும் கடமையைச் சீடரிடமே விட்டார்.

திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகத்தில், துரோவா என்னும் கடற்கரை நகரில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த போர்வையையும் நூல்களையும், சிறப்பாகத் தோற்சுருள்களையும் கொண்டுவருமாறு பவுல் கேட்கிறார். குளிர்காலத்துக்குமுன் வந்துவிடும்படியும் வேண்டுகிறார். எல்லாவற்றையும் குப்பையெனக் கருதியவர் ஒரு போர்வையை மறக்கவில்லை. உடலுக்கு ஒரு போர்வை, உள்ளத்துக்குச் சில நூல்கள், அவற்றைக் கொண்டுவர ஒரு நண்பர். சிறையில் இருந்த முதியவரின் இந்தச் சிறு பட்டியலை எவர் குறைகூற முடியும்?

தன் மருந்தை எடுத்துவராதவரின் எளிமை, நள்ளிரவில் மருந்துக்கடை தேடி ஓடும் தோழருக்குச் சுமையாகிறது. பிறர் செலவில் கடைப்பிடிக்கும் வறுமை நற்பண்பாகாது. அவ்வாறே, பிறர் உதவியே ஒருபோதும் வேண்டாதபடி எல்லாவற்றையும் கட்டிச் செல்லும் செல்வமும் நிறைவாகாது. முன்னது பிறரைச் சுரண்டுகிறது. பின்னது பிறரை அகற்றுகிறது.

கரையில் இருந்தவர்கள்

கப்பல் உடைந்தது. நீந்தத் தெரிந்தோர் முதலில் குதித்தனர். மற்றவர்கள் பலகைகளையும் உடைந்த துண்டுகளையும் பற்றிக் கரை சேர்ந்தனர். தீவினர் அவர்களிடம் யார், எவர் என்று விசாரித்ததாக லூக்கா எழுதவில்லை. அவர்கள் வழக்கத்துக்கு மேலான அன்பு காட்டினர், மழையும் குளிருமாக இருந்ததால் தீ மூட்டி எல்லாரையும் வரவேற்றனர் என்றே எழுதுகிறார். கிரேக்கம் பேசாதவர் என்னும் பொருள்படும் சொல்லாலேயே அவர்களைக் குறிப்பிடுகிறார். மொழி புரியாத இடத்தில் தீ பேசியது. பவுலும் சும்மா அமர்ந்திருக்கவில்லை. சுள்ளி பொறுக்கி வந்து தீயில் இட்டார். பெறுகிறவர் கொடுப்பதற்கும் கொடுப்பவர் பெறுவதற்கும் அந்தத் தீயைச் சுற்றி இடம் இருந்தது.

2022 ஏப்ரலில் மால்தா சென்ற மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், தம் பயணத்தின் விருதுவாக்காக அந்த அன்பைப் பற்றிய இறைவாக்கையே கொண்டிருந்தார். ரபாத் நகரிலுள்ள புனித பவுல் குகையில் செபித்த அவர், அதே நாளில் ஹல் ஃபார் என்னுமிடத்தில் புலம்பெயர்ந்தோரையும் சந்தித்தார். பவுலைச் சுமந்த கடல் இன்றும் பொருளற்ற மனிதரைச் சுமக்கிறது என்பதை அவர் நன்கறிந்திருந்தார். 2013 அக்டோபர் 3 அன்று, மால்தாவுக்கு மேற்கேயுள்ள லம்பெதூசாத் தீவின் அருகே ஒரு படகு மூழ்கி 368 பேர் மாண்டனர். 2014 முதல் மத்தியதரைக் கடலில் இறந்தோ காணாமலோ போனவர்கள் என்று பன்னாட்டுப் புலம்பெயர்வு அமைப்பு பதிவு செய்தவர்கள் 28,000 பேருக்கும் மேல்.

முன்பு குறிப்பிட்ட காப்பீட்டை இப்போது நினைத்துப் பார்ப்போம். திரும்பும் பயணச்சீட்டு, தங்கும் விடுதி, கையிருப்புப் பணம், 30,000 யூரோவுக்கான காப்பீடு ஆகியவற்றை நாம் காட்டுகிறோம். இவையெல்லாம் சேர்ந்து, 'இத்தீவினரிடமிருந்து எனக்கு எதுவும் வேண்டியதில்லை' என்பதையே மெய்ப்பிக்கின்றன. அதனால் நமக்குக் கதவு திறக்கிறது. எல்லாம் வேண்டியவருக்கோ அதே கதவு திறப்பது அரிது. இன்றைய விதிகளின்படி பார்த்தால், அன்று கரையேறிய 276 பேரில் ஒருவர்கூட உள்ளே வந்திருக்க முடியாது, பவுலும் முடியாது.

இதனைத் தீவினர்மீது சாட்டும் குற்றமாக யாரும் கொள்ளலாகாது. சதுர கிலோமீட்டருக்கு 1,600 பேருக்கு மேல் வாழும் ஒரு சிறு நாடு, ஒரு கண்டத்தின் கடமை முழுவதையும் தனித்துச் சுமக்க முடியாது என்று சொல்வதில் நியாயம் உண்டு. எத்தனை பேரை, எவ்வாறு, எந்நாடுகள் பகிர்ந்து ஏற்பது என்பது அரசுகள் நேர்மையோடு தீர்க்க வேண்டிய சிக்கல். ஆனால் அச்சிக்கல் தீரும்வரை நம் உள்ளம் காத்திருக்க வேண்டியதில்லை. பெட்டியோடு வருபவரை விருந்தினர் என்றும், பெட்டியின்றி வருபவரைத் தொல்லை என்றும் காணும் கண்ணை நாம் திருத்திக்கொள்ள எந்த அரசின் ஆணையும் தேவையில்லை.

பெட்டியை மூடுமுன்

ஆகவே, பயணம் புறப்படுவோர் தேவையானதைத் தயங்காமல் எடுத்துச் செல்க. தொப்பி, காலணி, மருந்து, அடாப்டர் ஆகியவற்றைப் பற்றி எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. அச்சத்தால் எடுத்தவற்றில் ஒரு பாதியை மீண்டும் அலமாரியில் வையுங்கள். அந்த இடத்தைப் பிறர் நிரப்ப விட்டுவிடுங்கள். 'கிராட்சி' என்பது மால்தா மொழியில் நன்றி. அந்த ஒரு சொல்லையேனும் கற்றுச் செல்லுங்கள். உதவி பெற நேரும் என்று முன்னரே ஒப்புக்கொள்பவரே நன்றிச் சொல்லை முன்னரே கற்பார்.

அத்துடன், நமக்கென்று அல்லாத ஒரு பொருளும் பெட்டியில் இருக்கட்டும். அவ்வூர் விடுதியில் உங்கள் படுக்கையை விரிப்பவரோ, உணவைக் கொண்டுவருபவரோ, கடன்பட்டு வேலைக்கு வந்த நம் நாட்டவராக இருக்கக்கூடும். நெய்க்குத் தடையுண்டு; பருப்புப் பொடிக்கும் தமிழ் இதழ் ஒன்றுக்கும் அத்தடை இல்லை. கால் கிலோ பொடி அவருக்கு வீட்டை நினைவூட்டும். அவர் ஊரைக் கேட்டு, குடும்பத்தைக் கேட்டு, பத்து நிமிடம் பேசுங்கள். அதற்கு இடம் இல்லாத அளவுக்கு நிகழ்ச்சி நிரல் நிறைந்திருந்தால், அந்த நிரலும் கடலில் எறிய வேண்டிய சரக்கே.

மூன்று திங்கள் அத்தீவில் தங்கியபின், அங்குக் குளிர்காலத்தைக் கழித்த வேறோர் அலக்சாந்திரியக் கப்பலில் பவுலும் உடனிருந்தோரும் புறப்பட்டனர். அவர்களுக்குத் தேவையானவற்றையெல்லாம் தீவினர் கொடுத்தனுப்பினர் என்று லூக்கா எழுதுகிறார். கப்பலில் என்னென்ன ஏற்றப்பட்டன என்று அவர் பட்டியலிடவில்லை. உரோமைவரை அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.